டிபிஎம் சிப்பு யாரிடமிருந்து காப்பாற்றுகிறது?

வாசகர் கேள்வி: "2017இல் அசெம்பிள் பண்ணின டெஸ்க்டாப். ஐ5, 7ஆம் தலைமுறை, 16 ஜிபி ராம். இன்றைக்கும் குறையில்லாமல் ஓடுகிறது. விண்டோஸ் 11 ஏற்றப் போனால் டிபிஎம் 2.0 இல்லை என்று விரட்டுகிறது. கடையில் கேட்டால் புது மதர்போர்டு போடச் சொல்கிறார்கள். இந்தச் சிப்பு இல்லாததால் இத்தனை வருடம் எனக்கு என்ன குடி முழுகிவிட்டது? கம்ப்யூட்டர் விற்கிறவர்கள் சேர்ந்து செய்கிற வேலைதானே இது?"

14 செப்டம்பர் 2025, காலை

மதர்போர்டுக்குக் காசு எடுத்து வைக்கும் முன் பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறும் முன் திறக்கிற அமைப்புத் திரை) ஒரு தடவை போய்ப் பாருங்கள். இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் ஒரு வரி இருக்கும். டிபிஎம் என்பது ரகசியச் சாவிகளைப் பத்திரமாக வைக்கிற சிப்பு. அது தனியாக இல்லாத போர்டுகளில் ப்ராசஸருக்கு உள்ளேயே அந்த வேலையைச் செய்கிற ஏற்பாடுதான் இந்த வரி. இன்டெல் இதை 2013லிருந்தே தருகிறது. கம்பெனிகள் விற்கிற புது மாடல்களில் டிபிஎம் 2.0 இருந்தே ஆக வேண்டும் என்று 2016 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் கட்டாயமாக்கியது. அசெம்பிள் பண்ணின பெட்டிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அதனால் பல போர்டுகளில் வசதி இருந்தும் அணைத்தே வைத்திருப்பார்கள்.

ஆன் செய்தாலும் உங்களுக்கு விண்டோஸ் 11 வராது என்பது வேறு விஷயம். மைக்ரோசாஃப்டின் ப்ராசஸர் பட்டியல் இன்டெலில் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. 7ஆம் தலைமுறையில் சில மாடல்களுக்கு மட்டும் விலக்கு. உங்களைத் தடுப்பது அந்தப் பட்டியல். பழி மட்டும் சிப்பு மேல் விழுகிறது.

வியாபாரமா என்று கேட்டால், பாதி ஆமாம். மீதிப் பாதியைச் சாயங்காலம் எழுதுகிறேன், இப்போது வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

14 செப்டம்பர் 2025, இரவு

டிபிஎம் ஒன்றும் பெரிய மூளைக்காரச் சிப்பு இல்லை. ரகசியச் சாவியை உருவாக்கி உள்ளேயே வைத்துக்கொள்ளும், கையெழுத்துப் போடும், எண்ணிக்கை வைக்கும், அவ்வளவுதான். வேகமும் கம்மி. தனிச் சிப்பாக இருக்கிற டிபிஎம்மில் ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறைக்கான 2048 பிட் சாவி ஒன்றை உருவாக்கச் சொன்னால் சில நொடிகள் யோசிக்கும். உங்கள் ப்ராசஸர் அதைக் கண் சிமிட்டுவதற்குள் செய்துவிடும்.

அதனிடம் இருக்கிற ஒரே புத்திசாலித்தனம் பிசிஆர் எனப்படும் பதிவேடுகள். பிசி டிபிஎம்மில் 24 உண்டு. பவர் பட்டனை அமுக்கியதும் முதலில் ஓடுகிற நிரல், தனக்கு அடுத்து ஓடப் போவதை அளந்து அதன் ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற எண்) டிபிஎம்மிடம் சொல்கிறது. டிபிஎம் அதை அப்படியே எழுதி வைப்பதில்லை. ஏற்கெனவே இருக்கிற மதிப்போடு சேர்த்து மறுபடி ஹாஷ் செய்து அந்த விடையை வைத்துக்கொள்கிறது. அடுத்தது வரும்போதும் அதே கதை. இட்லி மாவில் கலந்த உப்பு மாதிரி, உள்ளே போனதை யாரும் திரும்ப எடுக்க முடியாது. கணினியை அணைத்துப் போட்டால்தான் பழையபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

இதை வைத்து என்ன செய்யலாம்? "பதிவேடு 7ம் 11ம் இந்த மதிப்பில் இருந்தால் மட்டும் சாவியை வெளியே விடு" என்று டிபிஎம்மிடம் சொல்லி வைக்கலாம். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் செய்வது அதுதான். விண்டோஸை ஏற்றிவிடும் பூட்லோடர் நிரலுக்குப் பதிலாக யாராவது வேறு கையெழுத்துள்ள ஒன்றை வைத்தால், கையெழுத்துள்ள நிரல்களை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட்டை அணைத்தால், மதிப்பு மாறும், சாவி வராது. ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் செருகினாலும் வராது, சாவி பழைய போர்டிலேயே தங்கிவிட்டது.

ஆக, டிஸ்கைத் திருடுகிறவனிடமிருந்து காப்பாற்றுகிறது. கம்ப்யூட்டரை முழுசாகத் திருடுகிறவன் கதைக்கு வருகிறேன்.

15 செப்டம்பர் 2025

"அண்ணே, டிபிஎம் இருந்தா வைரஸ் வராதாமே, கடைக்காரர் சொன்னார்" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

வரும். ஜோராக வரும். விண்டோஸ் ஏறி நீங்கள் உள்ளே நுழைந்த பிறகு டிஸ்க் உங்களுக்கும் திறந்திருக்கிறது, மெயிலில் வந்த "இன்வாய்ஸ்" கோப்புக்கும் திறந்திருக்கிறது. ரான்சம்வேர் உங்கள் படங்களைப் பூட்டும்போது டிபிஎம் வேடிக்கைதான் பார்க்கும். பூட் ஆகும் வழியில் ஒட்டிக்கொள்கிற சில வகைகளை அது காட்டிக்கொடுக்கலாம். நம் ஊர் பென்டிரைவ்களில் சுற்றுவது அந்த வகை இல்லை.

19 செப்டம்பர் 2025

சரி, முழுசாகத் திருடுகிறவன்.

விண்டோஸில் பிட்லாக்கரை ஆன் செய்தால் இயல்பாகக் கிடைப்பது டிபிஎம் மட்டும் உள்ள அமைப்பு. பவர் பட்டனை அமுக்கினால் கேள்வியே இல்லாமல் டிபிஎம் சாவியைக் கொடுத்துவிடும், லாகின் திரை வந்து நிற்கும். திருடன் பவர் பட்டனை அமுக்கினாலும் அதேதான். சாவி அப்போது டிஸ்கைத் திறந்து ராமில் உட்கார்ந்திருக்கிறது. அவனுக்கும் உங்கள் கோப்புகளுக்கும் நடுவில் மிச்சம் இருப்பது விண்டோஸ் பாஸ்வேர்டு திரை ஒன்றுதான்.

அதைவிட மோசம், சாவி டிபிஎம்மிலிருந்து ப்ராசஸருக்குப் போகிற வழி. தனிச் சிப்பு என்றால் போர்டில் இரண்டுக்கும் நடுவே செம்புக் கோடுகள் ஓடும். பழைய லேப்டாப்களில் எல்பிசி என்ற வகைக் கோடு, புதியவற்றில் பெரும்பாலும் எஸ்பிஐ என்ற வகை. பிட்லாக்கர் சாவி அந்தக் கோட்டில் மறையாக்கம் எதுவும் இல்லாமல் அப்பட்டமாகப் போகிறது. நியூசிலாந்தின் பல்ஸ் செக்யூரிட்டி என்ற கம்பெனி 2019இல் மலிவான எஃப்பிஜிஏ போர்டு (வேண்டியபடி அமைத்துக்கொள்ளும் சிப்பு உள்ளது) ஒன்றை ஒட்டவைத்து அதை வாசித்துக் காட்டியது. 2024 பிப்ரவரியில் ஸ்டாக்ஸ்மாஷிங் என்ற பெயரில் இயங்கும் ஆராய்ச்சியாளர் ராஸ்பெரி பை பிகோ என்ற குட்டிக் கணினிப் பலகையை வைத்து ஒரு குட்டிக் கருவி செய்தார். செலவு 10 டாலருக்குள். பழைய லெனோவோ ஒன்றின் அடிப்பக்கத்தைத் திறந்து, போர்டில் ஏற்கெனவே வெளியே தெரிந்த புள்ளிகளில் ஊசிகளை அழுத்திப் பிடித்தார். சாவி கைக்கு வர 43 நொடி.

நானும் பழைய லேப்டாப் ஒன்றில் லாஜிக் அனலைசரை (கோட்டில் ஓடும் சமிக்ஞையைப் படிக்கும் கருவி) வைத்து முயன்று பார்த்தேன். சாலிடரிங் கை நடுங்குகிறவன் நான், அதனால் சிப்பின் கால்களைக் கவ்வும் கிளிப்பைத்தான் நம்பினேன். திரையில் கோடு கோடாக அலை எழும்புகிறது. அதில் டிபிஎம் முகவரி வருகிற இடத்தைத் தேடிப் பிடித்தால், பின்னாடியே பைட் பைட்டாக விழுகிறது. பார்த்ததும் வந்தது பயமில்லை, எரிச்சல். இவ்வளவு பெரிய கட்டுமானத்தைக் கட்டிவிட்டுக் கடைசி இரண்டு அங்குலத்தைத் திறந்து போட்டிருக்கிறார்களே என்று.

மருந்து இருக்கிறது: பின் நம்பர். பூட் ஆகும் முன் நீங்கள் எண் அடித்தால்தான் டிபிஎம் சாவியைத் தரும் என்று அமைத்துவிட்டால், திருடன் பவர் பட்டனை அமுக்கியதும் கோட்டில் எதுவும் ஓடாது. குரூப் பாலிசியில் "தொடக்கத்தில் கூடுதல் அங்கீகாரம்" என்ற பொருளில் ஒரு வரி உண்டு, அதை இயக்க வேண்டும். விண்டோஸ் ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டரே கிடையாது. லேப்டாப்பைத் தொலைக்க வாய்ப்புள்ள கல்லூரிப் பிள்ளைகள் கையில் இருப்பது பெரும்பாலும் ஹோம்.

19 செப்டம்பர் 2025, பின்குறிப்பு

"6 இலக்க பின்னை எல்லாச் சேர்க்கையும் போட்டுப் பார்த்தால் உடையாதா?" நல்ல கேள்வி. டிபிஎம் தப்புகளை எண்ணிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் அமைக்கிற வழக்கப்படி 32 தப்புக்குப் பிறகு பூட்டிக்கொள்ளும், அப்புறம் 10 நிமிடத்துக்கு ஒரு தப்பை மன்னிக்கும். அதாவது ஒரு நாளைக்கு 144 முயற்சி. 10 லட்சம் சேர்க்கைகளுக்கு ஏறக்குறைய 19 வருடம். அதற்குள் லேப்டாப்பே துருப்பிடித்துவிடும்.

27 செப்டம்பர் 2025

"அப்படியானால் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிற எஃப்டிபிஎம்தானே நல்லது? கோடே வெளியில் இல்லையே" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். கோட்டைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் எங்கே இடித்தாலும் ஒரு பக்கம் விரிசல் விடும்.

2023இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஏஎம்டி ஜென் 2, ஜென் 3 ப்ராசஸர்களில் மின்னழுத்தத்தைத் திட்டமிட்டு ஒரு கணம் தடுமாற வைத்து, உள்ளே இருக்கிற பாதுகாப்பு ப்ராசஸரை ஏமாற்றினார்கள். எஃப்டிபிஎம்மின் உள்ளடக்கம் மொத்தமும் வெளியே வந்தது. தேவைப்பட்டது கருவிக்கு ஏறக்குறைய 200 டாலரும் இரண்டு மூன்று மணி நேரமும். இதில் கவனிக்க வேண்டியது, நான் மேலே போட்ட 19 வருடக் கணக்கு இங்கே செல்லாது. தப்புகளை எண்ணுகிறவனையே உடைத்தாகிவிட்டது, அப்புறம் எடுத்த உள்ளடக்கத்தை வேகமான கணினிக்குக் கொண்டுபோய் அங்கே பின்னைத் தேடலாம். வெறும் 6 எண் தாங்காது. எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான பின் வைக்கப் பிட்லாக்கரில் வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

ஸ்க்ரூடிரைவரே தேவையில்லாத வழியும் உண்டு. 2024 டிசம்பரில் ஹாம்பர்க்கில் நடந்த கேயாஸ் காங்கிரஸ் என்ற ஹேக்கர் மாநாட்டில் பிட்பிக்சி என்ற ஓட்டையைச் செய்து காட்டினார்கள். விண்டோஸின் பழைய பூட்லோடர் ஒன்றில் குறை. மைக்ரோசாஃப்ட் அதைத் திருத்திவிட்டது, ஆனால் பழையதன் கையெழுத்து அப்போதும் செல்லுபடியாகவே இருந்தது. லேன் கேபிள் வழியாக அந்தப் பழையதைப் பூட் செய்ய வைத்தால், சாவி ராமில் விட்டுப்போன நிலையில் லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்துக்குள் இறங்கிவிடலாம். டிபிஎம் பார்வையில் எல்லாமே சட்டப்படி கையெழுத்தானவை, பதிவேடு 7 மாறவே இல்லை. டிபிஎம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது!

இதற்கும் பின் இருந்தால் தப்பலாம். நான் எல்லாவற்றுக்கும் பின் பின் என்று சொல்வதாக ஒருவர் கிண்டல் செய்திருக்கிறார். வேறு என்ன சொல்ல.

2 அக்டோபர் 2025

விடுமுறை. கொஞ்சம் பழங்கதை.

1999இல் காம்பாக், எச்பி, ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட் சேர்ந்து டிபிஎம்மை வகுத்த கூட்டணியைத் தொடங்கின. 2003இல் அதுதான் டிரஸ்டட் கம்ப்யூட்டிங் குரூப் ஆனது. நடுவில் 2002இல் இப்படிப்பட்ட சிப்பை விண்டோஸோடு இணைக்க மைக்ரோசாஃப்ட் பல்லாடியம் என்று ஒரு திட்டத்தை அறிவித்ததும் பெரிய ரகளை. கேம்பிரிட்ஜின் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ராஸ் ஆண்டர்சன், சுதந்திர மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன் போன்றவர்கள் கேட்ட கேள்வி எளிது: இந்தச் சிப்பு யாருக்கு விசுவாசம்? கம்ப்யூட்டர் வாங்கினவனுக்கா, அவனை நம்பாத பாட்டுக் கம்பெனிக்கும் மென்பொருள் கம்பெனிக்குமா?

நான் அப்போது கல்லூரியில், ஆண்டர்சன் பக்கம். "உன் கம்ப்யூட்டரில் என்ன ஓடுகிறது என்று சிப்பு வெளியாளுக்குக் கையெழுத்துப் போட்டுச் சொல்லும்" என்பதைப் படித்துவிட்டு விடுதியில் கத்திக்கொண்டிருந்தேன். பல்லாடியம் பெயர் மாறி, தேய்ந்து, 2007இல் விஸ்டா வந்தபோது மிஞ்சியது பெரும்பாலும் பிட்லாக்கர்தான். பயந்தது நடக்கவில்லை என்று நினைத்தோம்.

இப்போது அந்த நினைப்பு ஆட்டம் காண்கிறது. 2021இல் வாலரன்ட் விளையாட்டு, விண்டோஸ் 11இல் டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டேன் என்றது. இந்த மாதம் வருகிற பேட்டில்ஃபீல்ட் 6ம் அப்படியே. பாட்டுக் கம்பெனிகளை எதிர்பார்த்து வாசலில் நின்றோம், வந்தது ஏமாற்று ஆட்டக்காரர்களைப் பிடிக்கிற நிரல். என் பையன் இதை ஒரு குறையாகவே பார்க்கவில்லை. "சீட்டிங் பண்றவனுக்குத்தானேப்பா பிரச்சினை" என்கிறான். அவனுக்கு நான் சொன்ன பதில் எனக்கே அவ்வளவு திருப்தியாக இல்லை.

2 அக்டோபர் 2025, இரவு

"சான்றிதழ் வாங்கின சிப்பு என்றால் நம்பலாமா?" இன்ஃபினியான் என்ற கம்பெனியின் சிப்புகளில் இருந்த ஆர்எஸ்ஏ நிரல் முறையான சான்றிதழ்கள் பெற்றதுதான். சாவிக்கு வேண்டிய பகா எண்களை வேகமாகத் தேட அதில் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். செக் நாட்டு மசாரிக் பல்கலைக்கழகத்து ஆட்கள் 2017இல் அதைக் கண்டுபிடித்தார்கள். ஊருக்குக் காட்டுகிற பொதுச் சாவியைப் பார்த்தே இது அந்தச் சிப்பு தந்தது என்று சொல்லிவிடலாம், போதிய கணினி பலம் இருந்தால் ரகசியச் சாவியையும் எடுத்துவிடலாம். கணக்கில்லாத லேப்டாப் டிபிஎம்கள் மாட்டின. எஸ்டோனியாவில் ஏறக்குறைய 7.5 லட்சம் அடையாள அட்டைகளின் சான்றிதழ்களை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

இரண்டு வருடம் கழித்து டிபிஎம்-ஃபெயில் என்ற தாக்குதல். கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தே இன்டெலின் பிடிடியிலிருந்தும் எஸ்டி மைக்ரோ கம்பெனியின் டிபிஎம் சிப்பிலிருந்தும் சாவியைப் பிடித்தார்கள். எஸ்டி சிப்பும் சான்றிதழ் வாங்கினதுதான்.

5 அக்டோபர் 2025

ஏஎம்டியின் ரைசன் ப்ராசஸர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: கேம் ஆடும்போது, பாட்டுக் கேட்கும்போது ஒரு நொடி திக்கித் திக்கி நின்றால் வைரஸ் என்று நினைக்காதீர்கள். எஃப்டிபிஎம் போர்டில் உள்ள ஃபிளாஷ் நினைவகத்தோடு பேசும்போது கணினியே நிற்கிற குறை அது. ஏஎம்டி 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டு அந்த மே மாதத்திலிருந்து பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்தது. 2023இல் லினக்ஸிலும் அதே தொல்லை தலைகாட்ட, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடுப்பாகி ஏஎம்டி எஃப்டிபிஎம்மிடம் தற்செயல் எண் கேட்பதையே நிறுத்தச் சொன்னார். நிறுத்தியும்விட்டார்கள்.

16 அக்டோபர் 2025

நேற்று முன்தினம், 14ஆம் தேதியோடு, விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது. உறவுக்காரர்களின் போன் நிற்கவில்லை. அதில் பெரிய சித்தி வீட்டு லேப்டாப் கதை இந்த இழைக்குத் தேவை.

மதர்போர்டு போய்விட்டது என்று ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுத்திருக்கிறார்கள். வாரன்டியில் புது போர்டு போட்டுத் தந்தார்கள். ஆன் செய்தால் நீலத் திரை, 48 இலக்க மீட்புச் சாவி கேட்கிறது. சித்தி பிட்லாக்கர் என்ற சொல்லையே கேட்டதில்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக அமைத்தால் டிஸ்க் மறையாக்கம் தானாகவே ஆன் ஆகிவிடும். பழைய போர்டோடு பழைய டிபிஎம் போய்விட்டது. பேத்தியின் பிறந்தநாள் படங்கள் எல்லாம் அதற்குள்.

"பாஸ்வேர்டு சரியாத்தான்டா போடுறேன், திறக்க மாட்டேங்குது" என்கிறார் சித்தி. பாஸ்வேர்டு கேட்கிற கட்டத்துக்கே அது இன்னும் வரவில்லை என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

நல்ல வேளை, மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாவி சேமிப்பாகியிருந்தது. அந்தக் கணக்கை உண்டாக்கியவன் சித்தியின் மருமகன், அவனுக்குக் கடவுச்சொல் நினைவிருந்தது. போனில் நான் எண்ணைப் படிக்க, அவர் எழுதி அடித்தார். 8 கட்டம், கட்டத்துக்கு 6 எண். இங்கே ஒரு அழகான விஷயம் இருக்கிறது: ஒவ்வொரு ஆறும் 11ஆல் மீதியில்லாமல் வகுபடும். உதாரணமாக 135795. ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டுங்கள்: 1, 5, 9 சேர்த்து 15. 3, 7, 5 சேர்த்தும் 15. வித்தியாசம் பூஜ்யமோ 11ஓ 22ஓ வந்தால் சரி. பக்கத்துப் பக்கத்து எண்களை மாற்றி எழுதிவிட்டால் உடனே காட்டிக்கொடுக்கும். எந்தக் கட்டமும் 720885ஐத் தாண்டவும் தாண்டாது, ஏனென்றால் உள்ளே இருப்பது 65535 வரையான எண்ணின் 11 மடங்கு. சித்தி மூன்றாவது கட்டத்தை 8இல் தொடங்கினார். "சித்தி, அது 3ஆ இருக்கும் பாருங்க" என்றேன். 3தான்.

2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட் உலகெங்கும் கம்ப்யூட்டர்களை முடக்கிய கூத்தின்போது பல கம்பெனிகளின் ஐடி ஆட்கள் இந்த எண்ணைத்தான் மேசை மேசையாகப் போய் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

17 அக்டோபர் 2025

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தால், திருடனைப் பற்றி நாலு குறிப்பு, சொந்தக்காரரே வெளியே நிற்பதைப் பற்றி ஒன்றே ஒன்று. என்னிடம் வருகிற கேஸ்களில் விகிதம் தலைகீழ். திருடனுக்கு லாஜிக் அனலைசர் தெரியாது, அவன் டிஸ்கை அழித்து விற்பான். போர்டு மாற்றியது, பயாஸ் அப்டேட் போட்டது, டிபிஎம்மைத் தெரியாமல் கிளியர் செய்தது, இதனால் சொந்தப் படங்களை இழந்தவர்கள்தான் வருகிறார்கள். பயாஸ் அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க வேண்டும், மறையாக்கத்தையே நீக்க வேண்டியதில்லை. மீட்புச் சாவியைத் தாளில் எழுதி பட்டா, பத்திரம் வைக்கிற பீரோவில் வையுங்கள். லேப்டாப் பையில் வைக்காதீர்கள், அப்படியும் பார்த்திருக்கிறேன்.

மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாவி இருப்பது சித்திக்கு நல்லது. ஒரு பத்திரிகையாளருக்கு அப்படியில்லை. சட்டப்படி ஆணையோடு யாராவது கேட்டால் கம்பெனி கொடுக்கத்தான் செய்யும். அந்த நிலையில் இருப்பவர்கள் அந்தக் கணக்கிலிருந்து சாவியை நீக்கிவிட்டுத் தாளை மட்டும் நம்பலாம். நீக்குவதோடு நிறுத்தாமல், பழைய சாவியைச் செல்லாததாக்கிப் புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டும்.

21 அக்டோபர் 2025

முதலில் கேட்ட நண்பர் திரும்ப வந்திருக்கிறார். பயாஸில் பிடிடி இருந்ததாம், ஆன் செய்தாராம், இப்போது ப்ராசஸர் ஆதரவில்லை என்று விரட்டுகிறதாம். அடுத்து என்ன என்கிறார்.

உங்கள் டெஸ்க்டாப் வீட்டை விட்டு நகராதது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10க்குத் திருத்தங்கள் வரும். அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் காசு வேண்டாம், இல்லாவிட்டால் 30 டாலர். அதற்குள் லினக்ஸ் பழகிப் பாருங்கள். நீங்கள் ஆன் செய்த பிடிடி அங்கே வீண் போகாது. லினக்ஸைத் தொடங்கி வைக்கிற சிஸ்டம்டி என்ற நிரலில் டிஸ்கின் மறையாக்கத்தை 2021லிருந்து டிபிஎம்மோடும், 2022லிருந்து பின்னோடும் இணைக்கும் வசதி இருக்கிறது, ஒரே கட்டளை.

மதர்போர்டுக்கு என்று எடுத்து வைத்த காசில் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி பேக்கப் எடுங்கள். டிபிஎம் செய்யாத வேலை அது.

23 அக்டோபர் 2025

"பழைய லேப்டாப்பை விற்கப் போகிறேன், டிபிஎம்மைக் கிளியர் செய்தால் போதுமா?"

டிஸ்க் முழுதும் மறையாக்கம் ஆகியிருந்தால் வாங்குகிறவர் உங்கள் கோப்புகளைப் படிக்க முடியாது. மீட்புச் சாவி யாரிடமெல்லாம் இருக்கிறதோ அவர்களால் முடியும். அதனால் முதலில் விண்டோஸ் ரீசெட்டில் எல்லாவற்றையும் அழி என்பதைக் கொடுங்கள், அப்புறம் டிபிஎம் கிளியர், அப்புறம் உங்கள் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்து அந்த லேப்டாப்பை நீக்குங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பேக்கப் எடுத்தாயிற்றா என்று வீட்டில் எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், கிளியர் செய்த பிறகு என்னைக் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை.